உண்டியல் பணத்துக்கு மட்டும் ஆயிரம் கேள்வி

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா, வணக்கம்.

கடந்த ஞாயிறு வணிகப் பக்கத்தில், "நிதிக் குற்றத் தடுப்பு விதிகள் உலகெங்கும் இறுகி வருகின்றன, பொதுமக்கள் வங்கிகளுக்கு ஒத்துழைப்பு நல்க வேண்டும்" என்று எழுதியிருந்தீர்கள். ஒத்துழைப்பு நல்குவதை சுங்கை சிப்புட்டில் இருக்கும் எங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம், ஐயா. நான் ஒரு தோட்டத்துக் கோயிலின் பொருளாளர். அதற்கு முன் தோட்டத்தில் கிராணி (எழுத்தர்) வேலை பார்த்தவன்.

இந்த ஆண்டு தீமிதி வசூலை வங்கியில் கட்டப் போனேன். எல்லாம் ஒரு வெள்ளி, ஐந்து வெள்ளி (ரிங்கிட்) நோட்டுகள். பாதியில் மஞ்சள், மீதியில் விபூதி. கவுண்டரில் இருந்த பெண் எண்ணி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு கேட்க ஆரம்பித்தார். பணம் எங்கிருந்து வந்தது? கொடுத்தவர்கள் யார்? அவர்களுடைய அடையாள அட்டை எண் இருக்கிறதா? ரசீதுப் புத்தகத்தை நீட்டினேன். தமிழில் இருக்கிறதே என்றார். சங்கப் பதிவிலாகா கடிதம், கூட்டக் குறிப்பு, செயலவைப் பட்டியல் என்று கேட்டதையெல்லாம் கொடுத்த பிறகும் கோயில் கணக்கை முடக்கிவிட்டார்கள். மேளக்காரருக்கும் பந்தல்காரருக்கும் என் சேமநிதிப் பணத்தை எடுத்துக் கொடுத்தேன். 25,000 வெள்ளிக்கு மேல் ரொக்கம் வந்தால் வங்கி மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவுக்குச் சொல்ல வேண்டும் என்ற விதி 2019 முதல் இருப்பது எனக்கும் தெரியும். நாங்கள் கட்டியது அதில் பாதிகூட இல்லை.

சரி, உலகெங்கும் இறுகுகிறது என்கிறீர்கள். எங்கே? வெளிநாட்டு அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுக்கும் நிறுவனங்களைப் பிடிக்கும் சட்டத்தை அமெரிக்க அதிபர் 2025 பிப்ரவரியில் நிறுத்திவைத்தார். ஜூனில் புது வழிகாட்டி எழுதி, பிடியைச் சுருக்கிக்கொண்டு மறுபடி தொடங்கினார்கள். நம் அரசு முதலீட்டு நிறுவனமான 1எம்டிபியின் பணம் சூறையாடப்பட்ட விவகாரத்தில் கோல்ட்மேன் சாக்ஸ் என்ற அமெரிக்க வங்கி 2020இல் சிக்கியது அந்தச் சட்டத்தில்தான். நம் பணம் போன கதை என்பதால் ஞாபகப்படுத்துகிறேன். நிறுவனத்தின் உண்மையான உரிமையாளர் யார் என்று சொல்லும் கட்டாயத்திலிருந்து அமெரிக்கா தன் நாட்டு நிறுவனங்களை 2025 மார்ச்சில் விடுவித்துவிட்டது. இங்கே செம்பனைக் குலை ஏற்றும் லாரி இரண்டு வைத்திருக்கும் என் அக்காள் மகன், தன் செண்டிரியான் பெர்ஹாட்டுக்கு (தனியார் நிறுவனத்துக்கு) தானே முதலாளி என்று படிவம் நிரப்பிக்கொண்டிருக்கிறான். 2024 ஏப்ரலில் வந்த சட்டம்.

கனடாவின் டிடி வங்கி விஷயம் உங்களுக்குத் தெரியாததல்ல. அமெரிக்காவில் ஒரே கும்பல் அந்த வங்கி வழியாக 470 மில்லியன் டாலருக்கு மேல் குற்றப் பணத்தைக் கடத்தியிருக்கிறது. பெரிய பெரிய ரொக்கக் கட்டுகள். வங்கி ஊழியர்களுக்கு 57,000 டாலருக்கு மேல் பரிசு அட்டை கொடுத்திருக்கிறார்கள், கேள்வி வரவில்லை. 2024 அக்டோபரில் வங்கி குற்றத்தை ஒப்புக்கொண்டு 3 பில்லியன் டாலருக்கு மேல் கட்டியது. பணமோசடித் தடுப்பு விதியை மீறிய பைனான்ஸ் (Binance) என்ற கிரிப்டோ நாணயச் சந்தையின் நிறுவனருக்குக் கிடைத்தது நாலு மாதச் சிறை, அதற்கும் 2025 அக்டோபரில் மன்னிப்பு வந்துவிட்டது. நம் நாட்டில் 2013இல் அன்றைய பிரதமரின் தனிப்பட்ட கணக்கில் 681 மில்லியன் டாலர் வந்து இறங்கியதே, அதில் மஞ்சள் ஒட்டியிருக்கவில்லை போலும்!

அதே கட்டுரையில், தங்கள் வங்கிக் கணக்கை மோசடிக்காரர்களுக்குக் கொடுப்போர் "விழிப்புணர்வற்ற தோட்டப்புற இளைஞர்கள்" என்று ஒரு வரி. எங்கள் லயத்து (தோட்டக் குடியிருப்பு) பையன் ஒருவன் சில நூறு வெள்ளிக்கு ஏடிஎம் அட்டையைக் கொடுத்தான். தப்புதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. 2024 அக்டோபர் கடைசியில் நடப்புக்கு வந்த புது தண்டனைச் சட்டப் பிரிவுகளைக் காட்டி அவனைக் கூட்டிப்போனார்கள். அட்டையை வாங்கிக்கொண்டு போனவனை இன்றுவரை யாரும் தேடியதாகத் தெரியவில்லை. விழிப்புணர்வு பற்றி எங்களுக்கு நிறையவே சொல்லியிருக்கிறார்கள். சமுதாயம் முன்னேறப் பங்கு வாங்குங்கள் என்று தோட்டம் தோட்டமாக வந்து சொன்னபோது அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து என் அப்பா பங்கு வாங்கினார். யார் வந்தார்கள், பணம் என்ன ஆனது என்பதை நான் எழுதி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அன்றைக்கு யாரும் "பணம் எங்கிருந்து வந்தது" என்று கேட்கவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கோயில்களும் சங்கங்களும் வசூல் பணத்தைக் கட்டும்போது என்னென்ன பத்திரம் வைத்திருக்க வேண்டும், கணக்கு முடங்கினால் யாருக்கு எழுத வேண்டும் என்று விசாரித்துத் தமிழில் கால் பக்கம் போடுங்கள். கூடவே மோசடிப் புகாருக்கான 997 எண்ணைப் பெரிய எழுத்தில் போடுங்கள். ராசிபலனுக்கு முழுப் பக்கம் இருக்கிறது, இடம் இல்லை என்று மட்டும் பதில் எழுதிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தோட்டத்துக் கோயில் பொருளாளர்,
சுங்கை சிப்புட், பேராக்.