அந்த ஸ்கவுட்டையாவது விட்டுவையுங்கள்

மதிப்புக்குரிய அருங்காட்சியக நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். நீங்கள் புதுப்பித்துப் பெயிண்ட் அடித்திருக்கும் அந்தப் பழைய ரேஸ் மோட்டார் சைக்கிளைப் பற்றித்தான் எழுதுகிறேன். அந்த ஹார்லி டபிள்யூஆரைக் காட்டத்தான் போன சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு நான்கு மணி நேரம் கார் ஓட்டி வந்தேன். அது நின்ற இடத்தில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஒன்று மினுங்கிக்கொண்டு நின்றது. "அப்பா, இது புது வண்டியா?" என்றாள்.

அந்த டேங்கின் வலது பக்கம் உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் போய் வெறும் தகரம் தெரியுமே, அது துரு இல்லை ஐயா. இரும்புத் தகடு மாட்டிய இடது காலை மண்ணில் உரசிக்கொண்டு, வலது முழங்காலை டேங்கில் அழுத்தி, இடப்பக்கமே திரும்பித் திரும்பி ஓட்டிய ஒருவர் தேய்த்த இடம் அது. கையால் எழுதிய எண்கூட ஒரு பக்கம் கோணலாக இருக்கும். எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டீர்கள்.

அப்புறம் முன்சக்கரத்தில் பிரேக் வேறு மாட்டியிருக்கிறீர்கள்! 1960-கள் முடியும்வரை அமெரிக்காவின் நீள்வட்ட மண் தடத்தில் ஓடிய ரேஸ் வண்டிகளுக்குப் பிரேக்கே கிடையாது. த்ராட்டிலைக் குறைத்து வண்டியைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டுத்தான் வளைவில் வேகத்தை அடக்குவார்கள். அன்றைக்கு ஓட்டியவருக்கு இல்லாத பிரேக், இன்றைக்கு நகராத வண்டிக்கு. சரி, பாதுகாப்பு முக்கியம்தான்.

அடுத்துப் புதுப்பிக்கப்போவது ஸ்போர்ட் ஸ்கவுட், அதாவது 'இந்தியன்' என்ற அமெரிக்கக் கம்பெனியின் பழைய பைக் என்று உங்கள் ஊழியர் பெருமையாகச் சொன்னார். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். 1937-இல் முதல் டேடோனா 200 என்ற 200 மைல் பைக் ரேஸை எட் கிரெட்ஸ் ஜெயித்தது அந்த ரகத்தில்தான். பளபளப்பாக்கினால் ஏலத்தில் விலை ஏறும் என்ற கணக்கும் காலாவதி ஆகிவிட்டது, பழைய பெயிண்டுக்குத்தான் இப்போது விவரம் தெரிந்தவர்கள் காசு கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் வட கரோலினா மேகி வேலியில் இருக்கும் வீல்ஸ் த்ரூ டைம் என்ற மோட்டார் சைக்கிள் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். நூறு வயது வண்டியை அதன் அழுக்கோடேயே உதைத்துக் கிளப்பிக் காட்டுகிறார்கள். உங்களிடம் இருப்பவற்றில் ஆயில் வாசனைகூட வருவதில்லை.

கோபத்தில் கொஞ்சம் அதிகம் பேசிவிட்டேன், மன்னிக்கவும். கேட்பது இவ்வளவுதான்: ஸ்கவுட்டை அப்படியே விடுங்கள், டபிள்யூஆரின் பிரேக்கைக் கழற்றுங்கள். சுரண்டுவதற்கு முன்னால் யாராவது அந்த டேங்கைப் படம் எடுத்திருந்தால், பக்கத்தில் மாட்டிவையுங்கள். மகளை மறுபடி கூட்டிவருகிறேன்.

இப்படிக்கு,
வருடா வருடம் டிக்கெட் வாங்கும் ஒருவன்