திமிங்கில வால் படம் வேண்டாம், ஓங்கில் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராமநாதபுரம் கரையில் திமிங்கிலம் பார்க்கும் படகுப் பயணம் பற்றி உங்கள் சுற்றுலாப் பகுதியில் வந்த கட்டுரையைக் கத்தரித்து வைத்திருந்து, பொங்கல் விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு போனேன். மண்டபம் பக்கம் ஒரு படகுத்துறையில் தலைக்கு 700 ரூபாய் வாங்கினார்கள். சின்னவனுக்கு மாட்டிவிட்ட லைஃப் ஜாக்கெட் முழங்காலைத் தொட்டது. சரி, அதை விடுங்கள்.

வாடைக் காலம் என்பதால் தென்கடல் (மன்னார் வளைகுடா) குளம் மாதிரி கிடந்தது. ஒன்றரை மணி நேரம் சுற்றியும் திமிங்கிலத்தைக் காணோம். படகோட்டிய பெரியவரிடம் மெதுவாகக் கேட்டேன். "பாறை கிடக்குற கடலுய்யா இது. சில எடத்துல எங்க வள்ளமே அடி தட்டும். அம்புட்டுப் பெரிய உசுரு இங்க எதுக்கு வருது? தெக்க ஆழத்துக்குப் போறவங்க எப்பவாச்சும் பார்ப்பாங்க" என்றார். மன்னார் வளைகுடாவில் திமிங்கிலமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை கிடக்கும் 21 தீவுகளை ஒட்டி, பவளப்பாறைக்கு மேலே அதைத் தேடுவதுதான் வேடிக்கை. கரையில் இருப்பவர்கள் அதைப் பார்ப்பது பெரும்பாலும் கரை ஒதுங்கிய பிறகுதான். 2016 ஜனவரியில் மணப்பாடு பக்கம் 80-க்கும் மேற்பட்டவை கூட்டமாக ஒதுங்கியது நினைவிருக்கும்.

திரும்பும் வழியில் ஓங்கில் (டால்பின்) கூட்டம் வந்தது. நான்கைந்து இருக்கும், ஒன்று குட்டி. உடனே எங்கள் படகில் இருந்த ஏஜென்ட் பையன் போனில் கூப்பிட, இன்னும் இரண்டு படகுகள் வந்து வளைத்துக்கொண்டன. அது மீனில்லையே, மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். வந்த இடத்திலெல்லாம் ஒரு படகு எதிரே நின்றது. பெரியவர் என்ன நினைத்தாரோ, எஞ்சினை அணைத்துவிட்டார். பையன் கத்தினான். அவர் பீடியைப் பற்றவைத்தார். மற்ற படகுகள் வேறு பக்கம் விரட்டிக்கொண்டு போயின. கொஞ்ச நேரம் கழித்து, எங்கள் படகுக்குப் பத்தடியில் 'புஸ்' என்று ஒரு மூச்சு. அப்புறம் சின்னதாக இன்னொன்று, குட்டியுடையது. சின்னவன் வீட்டில் இன்னும் அந்தச் சத்தத்தைத்தான் செய்து காட்டுகிறான். திமிங்கிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் காரங்காட்டில் வனத்துறைப் படகில் அலையாத்திக் காட்டுக்குள் போனோம். என்ன பார்க்கலாம், என்ன செய்யக்கூடாது என்பதை ஏறும் முன்பே சொல்லிவிட்டார்கள். ஓங்கில் காட்டும் தனியார் படகுகளிலும் இதை யாராவது கட்டாயமாக்க வேண்டும். துரத்தினால் அபராதம் போடட்டும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி இருக்கும் முதல் அட்டவணையில்தான் ஓங்கிலும் இருக்கிறது.

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். கட்டுரைக்கு மேலே போட்டிருந்தீர்களே ஒரு திமிங்கில வால் படம், அது எந்த நாட்டுக் கடல்? அடுத்த முறை ஓங்கில் முதுகைப் போடுங்கள். அந்த மண்டபம் படகுத்துறையில் உங்கள் பக்கத்தை லேமினேட் செய்து, டிக்கெட் கொடுக்கும் மேசைக்கு மேலே மாட்டி வைத்திருக்கிறார்கள்.

ஒரு வாசகர்,
காரைக்குடி