அந்த வசனம் பொண்ணுக்கு மட்டும்தானா?

எடிட்டர் சாருக்கு வணக்கம்,

உங்க பேப்பர்ல கல்யாண மேக்கப் பேக்கேஜ் பத்தி ஒரு பக்கம் போட்டிருந்தீங்களே, அது வந்த அன்னிக்குத்தான் காட்பாடியில எங்க அக்கா பேத்தி கல்யாணம். காலைல சர்ச்சுல பாஸ்டர் ஐயா பொண்ணப் பாத்து நீதிமொழிகள் 31:30 படிச்சாரு, "சௌந்தரியம் வஞ்சனையுள்ளது, அழகும் வீண்"னு. சாயந்தரம் ரிசப்ஷன்ல மைக் புடிச்ச பையன் நம்ம வேலூரப் பத்தின பழைய ஜோக்க எடுத்து உட்டான், ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில், அழகில்லாத பொண்ணுங்கன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. ஒரே நாள்ல அவளுக்கு காலைல அழகு வேணாம்னாங்க, ராத்திரி அழகே இல்லன்னாங்க, மாப்பிள்ளைக்கு மட்டும் யாரும் ஒண்ணும் சொல்லல, அவர் பாட்டுக்கு போட்டோவுக்கு போட்டோ சீப்பு எடுத்து சீவிக்கினு இருந்தாரு.

அந்த அதிகாரத்த முழுசா படிச்சா கதையே வேற சார். 10ல இருந்து 31 வரைக்கும் 22 வசனம், எபிரேயத்துல எழுத்தும் 22, நம்ம ஆத்திசூடி மாதிரி ஒவ்வொரு வசனமும் அடுத்தடுத்த எழுத்துல ஆரம்பிக்கும். அதுல வர்ற குணசாலியான பொண்டாட்டி இருட்டோட எழுந்திருக்கா, நிலத்த விசாரிச்சு வாங்குறா, திராட்சத்தோட்டம் போடுறா, துணி நெய்து விக்கிறா, இவ்ளோவும் சொல்லிட்டுதான் அழகு வீண்னு வருது. வீண்ங்கறதுக்கு அங்க இருக்குற வார்த்தை ஹெவெல், மூச்சுக்காத்துன்னு அர்த்தம், பைபிள்ல பிரசங்கி புஸ்தகத்துல "மாயை மாயை"ன்றதும் இதேதான். அழகு கெட்டதுன்னு இல்ல, நிக்காதுன்னு சொல்லுது, அவ்ளோதான். எங்க கல்யாணப் பொண்ணும் நாலரைக்கு எழுந்து ஷூ கம்பெனி பஸ் புடிக்கிறவதான். அடுத்த வசனம் "அவளுடைய கைகளின் பலனை அவளுக்குக் கொடுங்கள்"னு இருக்கு, அத ஐயா படிக்கல, மாமியார் வீட்டுக்காரங்க முன் பெஞ்சுல உக்காந்திருந்தாங்க, அதனாலயோ என்னவோ.

அழகால தலை கனத்தவன் கதை வேணும்னா அப்சலோம் இருக்கான், தாவீது ராஜா புள்ள, ஆம்பள. உள்ளங்கால்ல இருந்து உச்சந்தலை வரைக்கும் ஒரு பழுது இல்லாதவன்னு 2 சாமுவேல் 14ல இருக்கு, வருஷா வருஷம் முடி வெட்டி எடை போட்டா 200 சேக்கல், இன்னிக்கு கணக்குல ரெண்டு கிலோவுக்கு மேல. முடிய எடை போட்டு பாக்குற ஆளு எப்டிப்பட்டவன்னு நீங்களே யோசிங்க. அப்பனுக்கு எதிராவே படை தெரட்டி, கடைசில கர்வாலி மரத்துல தல மாட்டி தொங்குனான், ஏறி வந்த கோவேறு கழுதை அது பாட்டுக்கு போயிடுச்சு. (வேதத்துல தலைன்னுதான் இருக்கு, எங்களுக்கு சண்டே ஸ்கூல்ல முடின்னு சொல்லிக் குடுத்தாங்க.) எந்தக் கல்யாணத்துலயாவது மாப்பிள்ளையப் பாத்து இத படிச்சு கேட்டிருக்கீங்களா?

இன்னொண்ணு. 1946ல நம்ம வேலூர் சிஎம்சிக்கு வந்த டாக்டர் பால் பிராண்டு, தொழுநோய்ல மடங்கிப்போன விரலுக்கு ஆபரேஷன் பண்ணவர்னு பாதிப் பேருக்கு தெரியும், புருவமும் வச்சுக் குடுத்தாருன்னு தெரியாது. நோய் தீந்தும் புருவம் கொட்டிப்போன மொகத்தப் பாத்தாலே வேலை தர மாட்டாங்க, ஊர்லயும் சேத்துக்க மாட்டாங்க, அதனால தலையில முடியோட இருக்குற தோல எடுத்து புருவம் இருந்த எடத்துல வச்சாரு. தலைமுடி ஆச்சே, வளந்துக்கினே இருக்கும், ட்ரிம் பண்ணிக்கினே இருக்கணும். அவரும் இதே வேதத்த படிச்ச மிஷனரிதான், அழகு வீண், புருவம் எதுக்குன்னு அவர் கேக்கல.

அந்த ஜோக்கு விஷயத்துக்கு வரேன். ஜலகண்டேஸ்வரர் 1981லயே கோட்டைக் கோயிலுக்கு திரும்பி வந்துட்டாரு. 2021 நவம்பர்ல பாலாறு ரெண்டு கரையும் தொட்டு ஓடினத நாங்க பாலத்து மேல நின்னு பாத்தோம். இன்னும் பழசாவே இருக்குறது மைக் புடிக்கிறவங்க கைல இருக்குற அந்த ஜோக்கு எழுதின சீட்டுதான். அடுத்த தடவ மேக்கப் பக்கம் போட்டா மாப்பிள்ளைங்களுக்கும் ரேட் போடுங்க சார், எங்க ஏரியாவுல ஃபேஷியல் பண்ணாத மாப்பிள்ளையே இல்ல.

இப்படிக்கு,
ஒரு வாசகி, சத்துவாச்சாரி