ஸ்விம்ஸ்கின் மிதக்க வைக்காது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த லங்காவி, போர்ட்டிக்சன் டிரையத்லான் போட்டிகளுக்குப் பெயர் கொடுக்கும் தோட்டப்புற இளைஞர்களிடையே ஸ்விம்ஸ்கின் என்னும் இறுக்கமான நீச்சல் மேலுடை பற்றி ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டால் உடம்பு தானாக மிதக்கும் என்று நம்புகிறார்கள். நம்பிக் கடலில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து என்பதால் இதை எழுதுகிறேன்.

மிதக்க வைப்பது வெட்சூட். அது நியோப்ரின் என்னும் செயற்கை ரப்பரில் ஆனது. உள்ளே நுண்ணிய வாயுக் குமிழ்கள் அடைபட்டிருப்பதால் இடுப்பையும் காலையும் மேலே தூக்கும். ஸ்விம்ஸ்கின் வெறும் துணிதான். நைலானும் எலாஸ்டேன் என்னும் இழுபடும் நூலும் கலந்து நெய்த, நீர் ஒட்டாத பூச்சு கொடுத்த மெல்லிய துணி. அதில் ரப்பர் வகை எதுவும் சேரக்கூடாது, முழங்கைக்கும் முழங்காலுக்கும் கீழே நீளக்கூடாது என்பது விதி. நீச்சல் உலகம் இதைப் பட்டுத்தான் கற்றது. பாலியூரித்தேன் என்னும் ரப்பர் போன்ற பொருளில் ஆன உடைகள் வந்து, 2009 ரோம் உலக நீச்சல் போட்டியில் மட்டும் 43 உலகச் சாதனைகள் விழுந்தன. 2010 ஜனவரி 1 முதல் துணி உடை மட்டுமே என்றாகிவிட்டது.

நம் நாட்டில் வெட்சூட்டுக்கு வேலையே இல்லை. அயர்ன்மேன் என்னும் நெடுந்தூர டிரையத்லான் விதிப்படி, தொழில்முறை வீரர் அல்லாத பொதுப்பிரிவினர் அதை நீரின் வெப்பம் 24.5 டிகிரி செல்சியஸ் வரைதான் தடையின்றிப் போடலாம், அதற்கு மேல் போட்டால் பரிசுக் கணக்கில் வரமாட்டார்கள், 28.8 டிகிரியைத் தாண்டினால் அறவே கூடாது. நம் கடல் நீரோ பெரும்பாலும் 28 டிகிரியை ஒட்டியே இருக்கும், பல நாள் அதற்கும் மேலே. அந்தச் சூட்டில் நியோப்ரின் போட்டால் உடம்பு கொதித்துவிடும். ஆகவே நமக்கு மூன்று பிரிவுக்கும் சேர்த்து அணியும் டிரைசூட்டும் அதன் மேல் போடும் ஸ்விம்ஸ்கின்னும்தான்.

அது செய்யும் வேலை நீரின் எதிர்ப்பைக் குறைப்பது. டிரைசூட்டின் கழுத்து வழியே நீர் புகும், முதுகுப் பை உப்பும், சைக்கிள் இருக்கைக்காக வைத்த பஞ்சு நீரைக் குடிக்கும். ஸ்விம்ஸ்கின் இவை எல்லாவற்றையும் இறுக்கி மூடி வழவழப்பாக்குகிறது. 100 மீட்டருக்குச் சில விநாடிகள் மிச்சம் என்று விற்பவர்கள் சொல்வார்கள். கணக்குக்கு 2 விநாடி என்று வைத்துக்கொள்வோம். 750 மீட்டருக்கு 15 விநாடி, 1.9 கிலோமீட்டருக்கு 38 விநாடி, 3.8 கிலோமீட்டருக்கு 76 விநாடி. பழக்கமில்லாதவர் அதைக் கழற்றவே 15, 20 விநாடி ஆகும். அப்படியானால் குறுந்தூரப் போட்டிக்கு வாங்குவது வீண், 1.9 கிலோமீட்டரிலிருந்துதான் பலன் தெரியும். தலையைத் தூக்கி நீந்துவதால் கால் தாழ்ந்து போகிறவருக்கு அந்தப் பலனும் கிடைக்காது. பல நூறு ரிங்கிட் கொடுத்து இதை வாங்குவதற்கு முன்னால், அந்தப் பணத்தில் ஒரு நல்ல பயிற்றுநரிடம் போய்த் தலையையும் இடுப்பையும் சரிசெய்துகொள்வதுதான் புத்திசாலித்தனம் என்பது என் உறுதியான கருத்து.

வாங்குவதென்றால் அளவில் விட்டுக்கொடுக்காதீர்கள். கரையில் நிற்கும்போது மூச்சு விட முடிய வேண்டும், ஆனால் துணியை எங்கும் கிள்ளிப் பிடிக்க முடியக்கூடாது. இரு கைகளையும் தலைக்கு மேல் நீட்டும்போது தோள் கீழே அழுத்தப்பட்டால், ஒன்று உடையை இடுப்புக்கு மேல் போதிய அளவு ஏற்றவில்லை, அல்லது உடல் நீளத்துக்கு அது குட்டை. குளத்தில் 50 மீட்டர் நீந்தி எழுந்து நில்லுங்கள். வயிற்றிலோ இடுப்பின் பின்புறமோ நீர் தேங்கித் தொங்கினால் அது பெரிய அளவு. அப்படிப்பட்ட உடை பாராசூட் போல இழுக்கும். போடாமல் நீந்துவதே மேல்.

போடும்போது உடம்பு ஈரமில்லாமல் இருக்கட்டும். பாதத்தில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டால் கால் வழுக்கி இறங்கும். நகத்தால் இழுத்தால் துணி கிழியும். விரல் நுனிச் சதையால் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடை, இடுப்பு, மார்பு என்று ஏற்ற வேண்டும். முதுகு ஜிப்பைத் தனியாக இழுத்தால் அடிமுதுகில் பிளந்துகொள்ளும். தோள்பட்டைகளைப் பின்னால் சேர்த்துக்கொண்டு வேறொருவரை இழுக்கச் சொல்லி, கயிற்றை உள்ளே செருகுங்கள். கழுத்திலும் அக்குளிலும் உராய்வைத் தடுக்கும் தைலம் கட்டாயம், உப்பு நீரில் தோல் உரிந்துவிடும். பெட்ரோலியம் ஜெல்லி வேண்டாம், துணியில் பிசுக்கு ஏறி நீர் ஒட்ட ஆரம்பிக்கும். சன்ஸ்கிரீன் பூசிய கையோடு உடையைத் தொட்டாலும் அதே கதிதான். கைவைத்த டிரைசூட் அணிபவர்கள் அதன் தோள் பகுதி உள்ளே மடிகிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். போட்டியின்போது சாப்பிடும் ஜெல் பொட்டலங்களைச் சைக்கிளில் வையுங்கள், முதுகில் வேண்டாம்.

கரையேறி ஓடும்போதே ஜிப்பை இறக்கி இரு கைகளையும் வெளியே எடுத்து உடையை இடுப்பில் நிறுத்துங்கள். ஈரமாக இருக்கும்வரைதான் எளிதாக வரும். நேரம் கணக்கிடும் சிப் கட்டாத காலை முதலில் உருவி, அந்தக் காலால் துணியை மிதித்துக்கொண்டு அடுத்த காலை எடுத்தால் சிப் பட்டையில் மாட்டாது. கழற்றியதை உங்களுக்கு ஒதுக்கிய பையிலோ இடத்திலோ போடாவிட்டால் தண்டனை விழும்.

குளோரின் எலாஸ்டேனை அரிக்கும், பூச்சையும் தின்றுவிடும். எனவே அன்றாடப் பயிற்சிக்கு இது ஆகாது. பலனை அளக்க விரும்பினால் 200 மீட்டர் மூன்று முறை டிரைசூட்டோடு மட்டும், பத்து நிமிடம் ஓய்வு, பிறகு மூன்று முறை ஸ்விம்ஸ்கின்னோடு, ஒரே வேகமுயற்சியில் நீந்திப் பாருங்கள். அடுத்த வாரம் வரிசையை மாற்றுங்கள், இல்லையென்றால் களைப்பு கணக்கைக் கெடுக்கும். முடிந்த கையோடு குளிர்ந்த நல்ல நீரில் அலசி, முறுக்காமல் நிழலில் காயப்போடுங்கள். சலவை இயந்திரமும் துணி மென்மையாக்கியும் கூடவே கூடாது. குளத்துச் சிமெண்டு விளிம்பில் உட்கார்ந்தால் நூல் பிய்ந்துபோகும்.

பேராவில் இருக்கும் நம்மவர்களுக்கு இன்னொன்று. பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளில் இதைச் சோதித்துப் பார்க்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். கரையிலிருந்து ஓரடி வைத்தாலே ஆழம் சரேலென்று இறங்கும், ஏறி வர மண் பிடி கொடுக்காது. நீச்சல் குளத்திலோ, மிதவையும் துணையும் வைத்துக்கொண்டு காவலர் இருக்கும் கடற்கரையிலோ பழகட்டும்.

டிரையத்லான் அறிவிப்புகளை வெளியிடும்போது நீச்சல் தூரத்தோடு, வெட்சூட் அனுமதி உண்டா, ஸ்விம்ஸ்கின் அனுமதி உண்டா என்பதையும் ஒரு வரி சேர்த்து அச்சிடும்படி ஏற்பாட்டாளர்களைத் தாங்கள் கேட்டு வாங்க வேண்டும். கடைக்குப் போகும் முன்பே பெற்றோர் அதைப் படித்துக்கொள்வார்கள்.

இக்கண்,
நீச்சல் பயிற்றுநர்,
சுங்கை சிப்புட், பேரா