இன்னும் அந்தப் பிஸ்மத்தோடுதான்

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. இன்னும் அந்தப் பிஸ்மத் ஃபெரைட்டை விடவில்லையா என்று கேட்டிருந்தாய். விடவில்லை. பிஸ்மத்தும் இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த இந்த ஒரே பொருளில் காந்த ஒழுங்கும் மின்முனைவும் (ஒரு பக்கம் நேர், மறுபக்கம் எதிர் என்று மின்னூட்டம் விலகி நிற்பது) சேர்ந்திருக்கும்போது எப்படி விடுவது? இந்த முறை சொல்ல நல்ல சேதியும் இருக்கிறது.

நாம் சேர்ந்து அளந்த முதல் லூப், அதாவது வோல்டேஜை ஏற்றி இறக்கும்போது மின்முனைவு வரையும் அந்த வளையக் கோடு, ஞாபகம் இருக்கிறதா? முனை கூராகாமல் வாழைப்பழம் மாதிரி உப்பி நிற்கும். மின்முனைவு கிடைத்துவிட்டது என்று குதித்தோம். அது வெறும் கசிவு மின்னோட்டம். உலையில் பிஸ்மத் ஆவியாகிப் போகிறது, கூடவே ஆக்சிஜனும் கொஞ்சம் போகிறது. அப்புறம் மின்சாரம் எப்படிக் கசியாமல் இருக்கும்? இப்போது பிஸ்மத் ஆக்சைடைக் கொஞ்சம் கூட்டிப் போட்டு, பெல்லட்டை (தூளை அழுத்திச் செய்த வில்லையை) அதே தூளுக்குள் புதைத்து, சில நிமிடமே சுட்டு, உடனே வெளியே எடுத்து ஆறவைக்கிறேன். போன வாரம் லூப் மேலே ஏறி, அடங்கி, கூர்முனையோடு திரும்பியது. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.

காந்தத்துக்கு ஒரு பொருள், மின்முனைவுக்கு ஒரு பொருள் என்று வைத்துக்கொண்டால் போதாதா என்கிறாய். காந்தத்தைத் திருப்ப மின்னோட்டம் பாய்ச்சினால் ஆற்றல் சூடாக வீணாகிறது. வெறும் வோல்டேஜால் திருப்ப முடிந்தால்? 2014இல் பிஸ்மத் ஃபெரைட் மேல் கோபால்ட்-இரும்புப் படலம் வைத்து, அறை வெப்பநிலையிலேயே அதைச் செய்து காட்டினார்கள். மின்முனைவு ஒரேயடியாகப் புரளாமல் இரண்டு படியாகத் திரும்பியதால்தான் காந்தமும் கூடவே திரும்பியது. எனக்கு அதில் பிடித்ததே அந்த இரண்டு படிதான்.

காந்தமும் மின்முனைவும் சேர்ந்த பொருள் ஏன் இவ்வளவு அரிது என்று 2000இல் பொருளறிவியலாளர் நிக்கோலா ஸ்பால்டின் கேட்டார். மின்முனைவுள்ள பேரியம் டைட்டனேட்டில் டைட்டானியத்தின் டி-கூடு (எலக்ட்ரான்கள் இருக்கும் ஓர் அடுக்கு) காலி, அதனால் டைட்டானியம் ஆக்சிஜன் பக்கம் நகர்ந்து மின்முனைவு வருகிறது. காந்தத்துக்கோ டி-கூட்டில் எலக்ட்ரான் இருந்தாக வேண்டும். ஒரே அணுவிடம் இரண்டையும் கேட்டால் நடக்காது. பிஸ்மத் ஃபெரைட்டில் வேலை பிரிந்திருக்கிறது: காந்தம் இரும்பின் பொறுப்பு, மின்முனைவு பிஸ்மத்தில் பிணைப்பில் சேராமல் நிற்கும் தனி எலக்ட்ரான் ஜோடியின் பொறுப்பு. மின்முனைவு சுமார் 830 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும், காந்த ஒழுங்கு 370 வரை.

என் வருத்தம் அந்தக் காந்தத்தில்தான். பக்கத்துப் பக்கத்து இரும்பு அணுக்கள் எதிரெதிர்த் திசை பார்க்கின்றன. அவை சற்றே சாய்ந்திருப்பதால் மிஞ்சும் சிறு காந்தமும், 62 நானோமீட்டருக்கு ஒரு சுற்று என்று திசை சுழன்றுகொண்டே போவதால் அடிபட்டுப்போகிறது. பிஸ்மத்தில் கொஞ்சத்தை எடுத்துவிட்டு லாந்தனம் வைத்து அந்தச் சுழற்சியைக் குலைக்கப் பார்க்கிறேன்.

சரி, நாம் அப்போது போட்ட லாந்தனம் விகிதங்கள் உன் பழைய லேப் நோட்டில்தான் இருக்கும். அந்தப் பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்பு. அடுத்த சூட்டுக்கு முன்னால் பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய லேப் கூட்டாளி