அப்பா உன்னைக் கண்மாய்க்கு விடாத காரணம்

மேலூர்

அன்புள்ள தம்பிக்கு,

சித்திரைத் திருவிழா பந்தோபஸ்துக்காகத் திருப்பூரிலிருந்து வந்த நீ, அழகர் ஆற்றில் இறங்கி முடியும்வரை ஆழ்வார்புரத்தில் இரவெல்லாம் நின்றுவிட்டு, இரண்டு மணி நேரம் வீட்டுக்கு வந்து போனாய். இலை போட்டும் சாப்பிடவில்லை. கோடை விடுமுறைக்கு என்னிடம் வந்திருக்கும் பாப்பாவின் கையில் பலூன் வெடித்தபோது, நீ துள்ளி எழுந்து அதட்டிய அதட்டலில் பிள்ளை அடுப்படிக்குள் ஓடிப்போய் ஒளிந்துகொண்டாள். உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்த நேரத்தில் உன் முகத்தில் கண்டதை நான் முன்பே உன் அப்பாவிடம் கண்டிருக்கிறேன்.

கண்மாயில் குளிக்க அவர் உன்னை ஒரு நாளும் விட்டதில்லை. நீச்சல் தெரியாமலே வளர்ந்தாய், அந்த மனத்தாங்கல் உனக்கு இன்றும் உண்டு. காரணத்தைச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அதை இன்று மீறுகிறேன். உனக்கு ஐந்து வயதிருக்கும்போது, கைவிட்ட கல்குவாரிப் பள்ளத்தில் தேங்கிய தண்ணீரில் மூழ்கிப்போன ஒரு சிறுவனைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே ஏறியவர் அவர்தான். உன் வயதுப் பையன், இடுப்பில் உனக்குக் கட்டியிருந்ததைப் போலவே கறுப்பு அரைஞாண் கயிறு. பிரேத விசாரணை எழுதி, உடலை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, அன்று இரவே பாரா பார்க்கவும் போனார். மறுநாள் வீடு திரும்பியவர் பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அதன் பிறகு பல வருடங்கள், நடுச்சாமத்தில் எழுந்து உன் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பார், பார்த்துவிட்டுக் குடிப்பார். ஸ்டேஷனில் அவரை முசுட்டு ஏட்டு என்றார்கள், நாமும் அப்படித்தான் நினைத்தோம். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் முகவாட்டத்தைக் கண்டுபிடித்த நான், பக்கத்தில் படுத்திருந்தவரிடம் "உங்களுக்கு என்ன செய்கிறது" என்று கேட்கவில்லை. 52 வயதில் மாரடைப்பில் போய்விட்டார்.

பார்த்த கோரம் திரும்பத் திரும்பக் கண்முன் வருவதற்கும், சிறு சத்தத்துக்கே உடம்பு ஆபத்து வந்ததுபோல் பதறுவதற்கும் மருத்துவத்தில் பெயர் இருக்கிறது, சிகிச்சையும் இருக்கிறது. வாரத்துக்கொரு முறை இரவும் பகலும் மாறி மாறி டூட்டி பார்க்கிறவனுக்குத் தூக்கம் ஒரு நேரத்தில் நிலைப்பதில்லை. தூக்கம் கெட்டால் ரத்த அழுத்தம் ஏறும், கோபம் கட்டுக்குள் நிற்காது. பந்தோபஸ்துக்கு வந்த காவலர்கள் எங்கள் பள்ளி வகுப்பறையில் பெஞ்சுகளைச் சேர்த்துப்போட்டு, பூட்ஸைத் தலைக்கு வைத்துத் தூங்கியதை எத்தனையோ திருவிழாவில் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் நிலைக் காவலர் முதல் தலைமைக் காவலர் வரை வார ஓய்வு தர வேண்டும் என்று 2021இல் அரசாணை வந்தது. அது உனக்கும் உரியது. ஆள் பற்றாக்குறை என்கிறார்கள் என்று நீயாகவே அதை விட்டுக்கொடுக்காதே, தம்பி. 2018இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனத்தின் துணையோடு காவலர்களுக்கு நிறைவாழ்வுப் பயிற்சி தொடங்கினார்கள். நல்ல காரியம்தான், ஆனால் வகுப்பில் உட்கார வைத்துவிட்டு, மறுநாளே பொழுது விடிய விடிய நிற்க வைத்தால் கற்றது எங்கே தங்கும்? தூக்கத்தையும் விடுப்பையும் கொடுக்காமல் மனத்தை மட்டும் தேற்ற முடியாது என்பது என் எண்ணம்.

மனநல மருத்துவரிடம் போனால் பதிவேட்டில் ஏறிவிடும், பதவி உயர்வு போய்விடும் என்று நீ மருமகளிடம் சொன்னதாக அறிந்தேன். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, நோயாளியின் விவரங்களை இரகசியமாக வைக்கும் கடமையை மருத்துவர்மேல் வைத்திருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் முதலில் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்னும் அரசின் மனநல உதவி மையத்துக்குப் பேசு; எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. எல்லாம் முடிந்துபோகட்டும் என்று எப்போதாவது தோன்றினால், அந்த நிமிடமே அவர்களையோ என்னையோ கூப்பிடு; இரவு எத்தனை மணியானாலும் போனை எடுப்பேன்.

அடுத்த ஓய்வு நாளில் சீருடையைத் திருப்பூரிலேயே வைத்துவிட்டு, சாதாரணச் சட்டையில் மதுரைக்கு வா. நான் காலை முதல் பஸ்ஸிலேயே பெரியாஸ்பத்திரிக்குப் போய் ஓ.பி. சீட்டுக்கு வரிசையில் நிற்கிறேன். நீ வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

அன்புடன்,
அம்மா