பாப்பா கேட்ட கேள்வி

அன்புள்ள தேன்மொழிக்கு,

பென்னாகரத்திலிருந்து அப்பா எழுதுவது. வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

பாப்பா போனில் ஒரு கேள்வி கேட்டாள். ஒகேனக்கல் பரிசல் துறையில் அவள் பொறுக்கிய கல் உள்ளங்கை அளவு இருக்கிறது. மயிலாடுதுறையில் அதே காவிரியில் மாவு மாதிரி மணல். ஏன் தாத்தா என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் நீ போனை வாங்கி, “சரிப்பா, அப்புறம் பேசுகிறேன்” என்று வைத்துவிட்டாய்.

அவளுக்கு இதைப் படித்துக் காட்டு. கல் மோதி உருண்டு தேய்கிறது என்பது பாதிதான். கூர்முனைகள் சீக்கிரமே மழுங்கும். ஆனால் மணலான பிறகு குவார்ட்ஸ் என்ற கடினமான கனிமம் லேசில் தேயாது. சரிவு குறையக் குறைய ஆற்றுக்கு இழுக்கும் பலம் போய்விடுகிறது. பெரிய கல்லை முதலில் விடும், பிறகு கூழாங்கல்லை, பிறகு பருமணலை. 2 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் மணல்; 0.06க்கும் கீழே போனால் வண்டல். ஆறு கீழே போகப் போகக் கல் சிறுப்பதற்கு, ஐரோப்பாவின் ரைன் ஆற்றுக் கற்களை வைத்து ஸ்டெர்ன்பெர்க் என்பவர் 1875இல் ஒரு விதியே எழுதினார். வழியில் கிளையாறு வந்து சேர்ந்தால் பருமன் மறுபடி கூடவும் செய்யும். இன்னொன்று, 1934 முதல் நடுவில் மேட்டூர் அணை நிற்கிறது. தேங்கிய தண்ணீர் கல்லை உருட்டாது. பாப்பா கையில் இருக்கும் கல் உங்கள் மயிலாடுதுறைக்குத் தானாக வந்திருக்கவே முடியாது.

இதெல்லாம் நீ எனக்குச் சொல்லிக் கொடுத்தது, கண்ணு. சின்னாற்று மணலை மாடியில் உலர்த்தி, அடுக்குச் சல்லடையில் குலுக்கி, ஒவ்வொரு தட்டிலும் தங்கியதைத் தனித்தனியாக எடை போட்டு எழுதினாயே! கடைசித் தட்டில் ஒட்டியிருந்த தூளைக்கூட தூரிகையால் தட்டி எடுத்தாய். “தேய்ந்துதானே சிறுத்தது” என்று நான் சொன்னதற்கு என்னோடு ராத்திரி வரை வாதாடினாய். எங்கள் வீட்டில் முதன்முதலில் எம்.எஸ்ஸி. முடித்தவள் என்று நான் இன்றைக்கும் பஸ்ஸில் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

அப்படிப்பட்டவளை வீட்டிலேயே வைத்துக்கொண்டு பாப்பா என்னிடம் ஏன் கேட்டாள்?

இப்போதெல்லாம் எதற்கும் “சரிப்பா” என்கிறாய். பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. அம்மா கேட்கச் சொன்னாள், நான் கேட்கவில்லை. உன் சித்தியும் ஏதோ சொன்னாள், அதையும் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனாலும் பெற்றவனுக்கு ஒரு கடிதமாவது போடக் கூடாதா? வேளைக்குச் சாப்பிடு.

உன் சான்றிதழ்கள் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. தேவையென்றால் தபாலில் அனுப்ப மாட்டேன், நானே கொண்டு வருகிறேன். மாப்பிள்ளையிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று எழுதாதே. எந்தத் தேதி என்று மட்டும் எழுது.

அன்புடன்,
அப்பா